டெக்சாஸில் வீடு வாங்கியவர்களுக்கு: பள்ளி வரி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, நீங்கள் எப்போது என்ன செய்ய வேண்டும்

டாலஸுக்கு வடக்கே புதிதாகக் கட்டிய வீடு ஒன்றை வாங்கிக் குடிபோய் ஒன்றேகால் வருடம் ஆகியிருந்தபோது, கடன் கொடுத்த நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மாதத் தவணை ஆயிரம் டாலருக்கு மேல் கூடுகிறது என்று அதில் இருந்தது. நிலையான வட்டியில்தானே கடன் வாங்கினோம், எப்படிக் கூடும் என்று நானும் மனைவியும் அன்று இரவு சாப்பாட்டு மேஜையில் எல்லாத் தாள்களையும் பரப்பி வைத்துப் பார்த்தோம். வட்டி மாறவில்லை. மாறியது சொத்து வரி. அதில் பாதிக்கு மேல் பள்ளி வரி.

அந்த வரியைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. கவுண்டி அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன், பள்ளி வாரியக் கூட்டங்களில் உட்கார்ந்தேன், ஒரு விண்ணப்பம் திரும்பி வந்தது. உங்களுக்கு அத்தனை அலைச்சல் வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இதில் உள்ளது முழுக்க டெக்சாஸ் முறை. மற்ற மாநிலங்களில் விதிகள் வேறு, தேதிகளும் வேறு.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குத் தனியாக வரிச்சீட்டு வராது; உரிமையாளர் கட்டும் வரி உங்கள் வாடகைக்குள் இருக்கிறது. பிள்ளையைச் சேர்க்கும்போது முகவரிச் சான்றாக வாடகை ஒப்பந்தமும் மின்சாரக் கட்டண ரசீதும் பெரும்பாலும் போதும். நீங்கள் 1, 7, 8 ஆகிய படிகளை மட்டும் படித்தால் போதும்.

1. உங்கள் பள்ளி மாவட்டம் எது என்று உறுதி செய்யுங்கள்

டெக்சாஸில் பொதுவாகப் பள்ளிகளை நகராட்சி நடத்துவதில்லை. ஐஎஸ்டி என்று எல்லோரும் சொல்லும் பள்ளி மாவட்டம் தனி அரசமைப்பு. அதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம், தனி எல்லை, தனி வரி விகிதம் உண்டு. அந்த எல்லையும் நகர எல்லையும் ஒன்றல்ல. பிரிஸ்கோ நகரத்துக்குள்ளேயே பிரிஸ்கோ, லூயிஸ்வில், பிராஸ்பர், லிட்டில் எல்ம் என்று நான்கு பள்ளி மாவட்டங்கள் வருகின்றன. நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கும் இர்விங்கில் ஒரு தெரு காப்பெல் ஐஎஸ்டியில் இருக்கும், அடுத்த தெரு வேறொன்றில் இருக்கும்.

வீடு விற்கும் விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். உங்கள் கவுண்டியில் சொத்துகளுக்கு மதிப்புப் போடும் அலுவலகமான அப்ரைசல் டிஸ்ட்ரிக்டின் இணையதளத்தில் முகவரியைப் போட்டுத் தேடினால், அந்த வீட்டுக்கு யார் யார் வரி போடுகிறார்கள் என்ற பட்டியல் வரும். பள்ளி மாவட்டம், கவுண்டி, நகரம், சமுதாயக் கல்லூரி என்று வரிசையாக இருக்கும். புதிய குடியிருப்புகளில் மட் எனப்படும் நீர்ப் பயன்பாட்டு மாவட்டத்தின் வரியும் சேர்ந்துகொள்ளும். அந்தப் பக்கத்தை அச்சிட்டு ஒரு கோப்பில் வையுங்கள். இனி சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அது தேவைப்படும்.

2. பள்ளி வரியை இரண்டாகப் பிரித்துப் படியுங்கள்

வரி விகிதத்தை எப்போதும் 100 டாலர் மதிப்புக்கு இவ்வளவு என்றுதான் சொல்வார்கள். 1.05 என்று இருந்தால் 100 டாலருக்கு 1 டாலர் 5 சென்ட். அந்த 1.05 இரண்டு துண்டுகளாக இருக்கும்.

ஒன்று எம் அண்ட் ஓ. ஆசிரியர் சம்பளம், பேருந்து, மின்சாரம், துப்புரவு என்று பள்ளியை நாள்தோறும் நடத்தும் செலவு இதில்தான். இன்னொன்று ஐ அண்ட் எஸ். கட்டடம் கட்ட வாங்கிய பாண்ட் கடனை அடைக்கும் பணம் இது. முதல் பையிலிருந்து எடுத்துச் செய்ய வேண்டியதை இரண்டாவது பையிலிருந்து செய்ய முடியாது. பாண்ட் பணத்தில் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆலன் ஐஎஸ்டி 2012-இல் திறந்த கால்பந்து மைதானத்துக்கு ஏறக்குறைய 6 கோடி டாலர் ஆனது. அது பாண்ட் பணம். "மைதானத்துக்குக் காசு இருக்கிறது, டீச்சருக்கு இல்லையா" என்று புதிதாக வந்தவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். நானும் கேட்டேன். இரண்டும் வெவ்வேறு பை என்பது தெரிந்த பிறகுதான் வாரியக் கூட்டத்தில் பேசுவது எனக்குப் புரிய ஆரம்பித்தது.

3. ஹோம்ஸ்டெட் விலக்குக்கு விண்ணப்பியுங்கள்

இதை விட்டால் நேரடி நஷ்டம். நீங்கள் குடியிருக்கும் சொந்த வீடு என்றால், பள்ளி வரி போடும்போது வீட்டு மதிப்பில் 1,40,000 டாலரைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும். முன்பு இது 1,00,000 ஆக இருந்தது. 2025 நவம்பரில் வாக்காளர்கள் ஒப்புக்கொண்டு, 2025 வரி ஆண்டிலிருந்தே 1,40,000 ஆனது.

கணக்கைப் பாருங்கள். வீட்டு மதிப்பு 4,50,000 டாலர், பள்ளி வரி விகிதம் 1.05 என்று வைத்துக்கொள்வோம். விலக்கு இல்லாவிட்டால் வரி 4,725 டாலர். விலக்கு இருந்தால் 3,10,000-க்குத்தான் வரி, அதாவது 3,255 டாலர். வருடத்துக்கு 1,470 டாலர் வித்தியாசம், ஒரே ஒரு விண்ணப்பத்தால்.

அந்த விண்ணப்பம் தானாக நடக்காது. கையெழுத்துப் போடும் நாளில் உங்கள் முன் வைக்கும் தாள் கட்டில் அது இருப்பதில்லை. வீட்டை வாங்கித் தந்த முகவரும் சொல்லாமல் விட்டுவிடலாம். நீங்களேதான் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டுக்கு அனுப்ப வேண்டும். படிவம் எண் 50-114. பெரும்பாலான கவுண்டிகளில் இணையத்திலேயே போடலாம்.

தேவைப்படும் ஆவணம் பெரிதாக ஒன்றுமில்லை: டெக்சாஸ் ஓட்டுநர் உரிமம் அல்லது மாநில அடையாள அட்டை. ஆனால் அதில் இருக்கும் முகவரியும் வீட்டு முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். என் விண்ணப்பம் திரும்பி வந்தது இதனால்தான். உரிமத்தில் பழைய அபார்ட்மென்ட் முகவரியே இருந்தது. வீடு மாறி 30 நாளுக்குள் முகவரியை மாற்ற வேண்டும் என்பது சட்டம். கட்டணம் 11 டாலர். நேரில் போக வேண்டிய நிலை வந்தால் அப்பாயின்ட்மென்டுக்கே வாரக்கணக்கில் ஆகும், அதனால் சாவி கையில் வந்த வாரமே இதைத் தொடங்கிவிடுங்கள்.

எச்1பி விசாவில் இருக்கிறோம், நமக்குக் கிடைக்குமா என்று பலர் தயங்கி விண்ணப்பிக்காமலே இருக்கிறார்கள். கிடைக்கும். குடியுரிமை ஒரு நிபந்தனையே இல்லை. வீடு உங்கள் பேரில் இருக்க வேண்டும், நீங்கள் அதில் குடியிருக்க வேண்டும், உரிமத்து முகவரி பொருந்த வேண்டும். அவ்வளவுதான். கணவன் மனைவிக்குச் சேர்த்து ஒரு வீட்டுக்கு மட்டும்தான் விலக்கு.

வழக்கமான கெடு ஏப்ரல் 30. தவறவிட்டால் மனம் விட்டுவிடாதீர்கள். வரி கட்டும் கெடு முடிந்து இரண்டு வருடம் வரை தாமதமாகவும் விண்ணப்பிக்கலாம். கூடுதலாகக் கட்டியது திரும்ப வரும். எனக்கு அப்படித்தான் வந்தது.

இதில் இன்னும் மூன்று பொறிகள் இருக்கின்றன.

வீடு வாங்கிய சில வாரங்களில் அரசு முத்திரை போலவே தோற்றமளிக்கும் கடிதங்கள் வரும். ஹோம்ஸ்டெட் பதிவுக்கு இத்தனை டாலர் அனுப்புங்கள் என்று இருக்கும். தூக்கிப் போடுங்கள். இந்த விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது.

அதே சமயம், அப்ரைசல் டிஸ்ட்ரிக்டிடமிருந்து வரும் உண்மையான கடிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள். இப்போது ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது விலக்கு வாங்கியவர்கள் இன்னும் தகுதியோடு இருக்கிறார்களா என்று சரிபார்க்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பதில் போடாவிட்டால் விலக்கு போய்விடலாம்.

மூன்றாவது, 10 சதவீத வரம்பு. ஹோம்ஸ்டெட் இருந்தால் வரி போடும் மதிப்பு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. ஆனால் இந்தப் பாதுகாப்பு விலக்குக்குத் தகுதி பெற்ற ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1-லிருந்துதான் தொடங்கும். முன்பு இருந்தவரின் குறைந்த மதிப்பு உங்களுக்குத் தொடராது. பழைய வீடு வாங்குபவர்கள் விற்பவரின் போன வருட வரியைப் பார்த்து, நமக்கும் இவ்வளவுதான் என்று முடிவு செய்வது இதனால்தான் தவறாகிறது.

வீட்டு உரிமையாளர் 65 வயது நிறைந்தவர் என்றால் பள்ளி வரியில் இன்னும் 60,000 டாலர் கழியும், அதோடு பள்ளி வரித் தொகையே அந்த ஆண்டு அளவில் உறைந்து நிற்கும். ஊரிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கும் அப்பா அம்மாவை வைத்து இதைக் கேட்க முடியாது. பத்திரத்தில் அவர்கள் பெயர் இருந்து, அதுவே அவர்கள் நிரந்தர வீடாகவும் இருக்க வேண்டும்.

4. புது வீடு என்றால் எஸ்க்ரோ கணக்கை நீங்களே போடுங்கள்

எங்களைக் கவிழ்த்தது இதுதான்.

டெக்சாஸில் வரிக்கான மதிப்பு ஜனவரி 1 அன்று வீடு எப்படி இருந்ததோ அப்படிப் போடப்படுகிறது. நாங்கள் வாங்கிய ஆண்டின் ஜனவரி 1 அன்று அந்த இடத்தில் வெறும் மண்தான் இருந்தது. அதனால் அந்த ஆண்டு வரி நிலத்துக்கு மட்டும் வந்தது. கடன் நிறுவனம் அந்தச் சின்னத் தொகையை 12-ஆல் வகுத்து மாதத் தவணையோடு வாங்கி வந்தது. வரிக்காக இப்படி வாங்கிச் சேர்த்து வைக்கும் கணக்குதான் எஸ்க்ரோ. அடுத்த ஆண்டு முழு வீட்டுக்கும் வரி வந்தது.

எண்ணில் சொல்கிறேன். பள்ளி, நகரம், கவுண்டி, கல்லூரி, மட் எல்லாம் சேர்த்து 2 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 90,000 டாலர் நிலத்துக்கு வரி 1,800. 4,50,000 டாலர் வீட்டுக்கு 9,000. இடையில் 7,200 பற்றாக்குறை. அதை அடுத்த 12 மாதத்தில் வசூலிப்பார்கள், மாதம் 600. அதோடு இனி வரும் வரிக்கும் மாதம் 600 கூடுதலாகச் சேர்க்க வேண்டும். ஆக மாதம் 1,200 ஏறும். விலக்கு கிடைத்தால் இது கொஞ்சம் குறையும். ஒருவர் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு இது தாங்காது.

செய்ய வேண்டியது: கையெழுத்துக்கு முன்பே கடன் அலுவலரிடம், "எஸ்க்ரோவைக் கட்டி முடித்த வீட்டின் மதிப்புக்குப் போட்டிருக்கிறீர்களா, நிலத்துக்குப் போட்டிருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். நிலத்துக்குத்தான் என்றால், வித்தியாசத்தை மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். நான் கேட்காமல் விட்டதைத்தான் உங்களைக் கேட்கச் சொல்கிறேன்.

5. ஏப்ரலில் வரும் மதிப்பீட்டுக் கடிதத்துக்குப் பதில் சொல்லுங்கள்

ஏப்ரல் மாதத்தில் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் உங்கள் வீட்டுக்கு ஒரு மதிப்புப் போட்டு அனுப்பும். அது வரிச்சீட்டு அல்ல, கட்ட வேண்டியதும் ஒன்றுமில்லை. ஆனால் மதிப்பு அதிகம் என்று தோன்றினால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. கெடு மே 15, அல்லது கடிதம் அனுப்பிய நாளிலிருந்து 30 நாள், எது பின்னால் வருகிறதோ அது. கட்டணம் இல்லை.

இணையத்தில் மறுப்பைப் பதிந்ததும், அவர்கள் வைத்திருக்கும் ஆதாரங்களைக் கேளுங்கள். விசாரணைக்கு 14 நாள் முன்பே அவற்றை உங்களுக்குக் காட்டியாக வேண்டும். முதலில் ஒரு மதிப்பீட்டாளர் பேசுவார். பெரும்பாலும் அங்கேயே ஒரு தொகைக்கு ஒத்துவரலாம். ஒத்துவராவிட்டால் மறுஆய்வு வாரியத்தின் முன் போகலாம்.

"எனக்கு வரி அதிகம்" என்று சொல்லிப் பயனில்லை, அவர்கள் வரி போடுபவர்கள் அல்ல. மதிப்பைப் பற்றி மட்டும் பேசுங்கள். அவர்கள் போட்டதைவிடக் குறைவாக வாங்கியிருந்தால் கிரயக் கணக்குத் தாளைக் கொடுங்கள். டெக்சாஸில் விற்பனை விலை பொதுப் பதிவில் இல்லை, எனவே அவர்களுக்கு உங்கள் விலை தெரியாமல் இருக்கலாம். அதிகமாக வாங்கியிருந்தால் அந்தத் தாளை நீங்களாக நீட்ட வேண்டியதில்லை. அஸ்திவாரத்தில் விரிசல், ஒழுகும் கூரை இருந்தால் படமும் பழுது பார்க்கும் செலவுக்கான எழுத்து மதிப்பீடும் வையுங்கள். சேமிப்பில் பங்கு கேட்கும் நிறுவனங்கள் நிறைய உண்டு. ஒரு முறை நீங்களே செய்து பாருங்கள், ஒரு சனிக்கிழமை மதியம் போதும்.

6. ஜனவரி 31

வரிச்சீட்டு அக்டோபர் வாக்கில் வரும். கடைசி நாள் ஜனவரி 31. பிப்ரவரியில் கட்டினால் அபராதமும் வட்டியும் சேர்த்து 7 சதவீதம். மாதாமாதம் ஏறி ஜூலையில் 18 சதவீதம் ஆகும், அதற்கு மேல் வழக்கறிஞர் கட்டணமாக 20 சதவீதம் வரை சேரலாம். சீட்டே வரவில்லை என்று சொன்னாலும் அபராதம் போகாது.

எஸ்க்ரோ இருந்தால் கடன் நிறுவனம் கட்டும். இருந்தாலும் ஜனவரி இரண்டாவது வாரத்தில் கவுண்டி தளத்தில் கட்டப்பட்டதா என்று பார்த்துவிடுங்கள், முக்கியமாகக் கடன் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிய ஆண்டில். எஸ்க்ரோ இல்லாமல் நீங்களே கட்டுவதானால் வங்கிக் கணக்கிலிருந்து கட்டுங்கள். கிரெடிட் கார்டுக்குத் தனிக் கட்டணம் பிடிப்பார்கள்.

7. அந்தப் பணம் உங்கள் பிள்ளையின் பள்ளிக்கு எப்படிப் போகிறது

வீட்டு மதிப்பு ஏறினால் பள்ளிக்குப் பணம் கொட்டும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை.

மாநில அரசு ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று அடிப்படைத் தொகை வைத்திருக்கிறது. 2019-லிருந்து 6,160 டாலராக இருந்தது, 2025-இல் 55 டாலர் கூட்டி 6,215 ஆக்கினார்கள். சிறப்புக் கல்வி, ஆங்கிலம் கற்கும் மாணவர், வருமானம் குறைந்த குடும்பம் என்றால் அதற்கு மேல் சேரும். இப்படி வரும் மொத்தத் தொகையில் உள்ளூர் சொத்து வரி எவ்வளவு கொடுக்கிறதோ அதைக் கழித்து, மீதியை மாநிலம் தரும். உள்ளூர் வரி கூடினால் மாநிலத்தின் பங்கு அந்த அளவு குறையும். மாவட்டத்துக்கு உரிய இந்த மொத்தத் தொகையைவிட வரி அதிகமாக வந்தால் மிச்சத்தை மாநிலத்துக்கே அனுப்ப வேண்டும். ராபின் ஹுட் என்று எல்லோரும் பேசிக்கொள்வது இதைத்தான். ஆஸ்டின், பிளேனோ மாவட்டங்கள் இப்படிப் பெரும் தொகை அனுப்பியிருக்கின்றன. கட்டடக் கடனை அடைக்கும் ஐ அண்ட் எஸ் பணத்துக்கு மட்டும் இது பொருந்தாது.

ஆக, உங்கள் வரி கூடியதால் பள்ளிக்கு அதே அளவு கூடியது என்று நினைத்து முதல்வரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் கையில் அது இல்லை. ஆனால் உங்கள் கையில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது வருகை. டெக்சாஸ் சேர்ந்த மாணவர் எண்ணிக்கைக்குப் பணம் தருவதில்லை, சராசரி வருகைக்குத் தருகிறது. அடிப்படைத் தொகையை மட்டும் பள்ளி நாள்களால் வகுத்தாலே ஒரு பிள்ளையின் ஒரு நாள் ஏறக்குறைய 35 டாலர். டிசம்பரில் ஊருக்குப் போய்விட்டு ஜனவரியில் இரண்டு வாரம் தாமதமாகத் திரும்புகிறோமே, அது பள்ளியின் கணக்கில் இப்படித் தெரிகிறது. மருத்துவரிடம் போகும் நாளில் முழு நாளும் விடுப்பு எடுக்காமல், பள்ளிக்கு வந்துவிட்டுப் போங்கள் அல்லது போய்விட்டு வாருங்கள். மருத்துவர் சீட்டைக் கொடுத்தால் வருகையாகவே கணக்கு வரும். மதப் பண்டிகைக்கும் இதே சலுகை உண்டு. தீபாவளிக்கு வீட்டில் நிறுத்துவதானால், காரணத்தை எழுதி முன்கூட்டியே அலுவலகத்தில் கொடுங்கள். என் மகளுக்கு இரண்டு வரிக் கடிதம்தான் எழுதினேன்.

இரண்டாவது, சேர்க்கையின்போது தரும் வீட்டு மொழிப் படிவம். வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்கும். தமிழ் என்று எழுதினால் பிள்ளையைப் பின்தங்கிய வகுப்பில் போட்டுவிடுவார்கள் என்று பயந்து ஆங்கிலம் என்று எழுதும் பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எழுதினால் நடப்பது ஒரு ஆங்கிலத் தேர்வு. தேறினால் அதோடு முடிந்தது. தேறாவிட்டால் உதவி வகுப்பு தருவார்கள், அதற்கும் உங்கள் ஒப்புதல் வேண்டும், பள்ளிக்கும் அதற்கான கூடுதல் தொகை கிடைக்கும். கேஜி வகுப்பில் தமிழ் மட்டும் தெரிந்த குழந்தை "பாத்ரூம் போகணும்" என்று கேட்கத் தெரியாமல் உட்கார்ந்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல். உள்ளதை எழுதுங்கள்.

8. ஆகஸ்ட் கூட்டத்துக்குப் போங்கள், ஆனால் ஓட்டு விஷயத்தில் எச்சரிக்கை

பள்ளி வாரியம் வரவுசெலவையும் வரி விகிதத்தையும் முடிவு செய்யுமுன் பொதுக் கூட்டம் நடத்தியாக வேண்டும். நிதியாண்டு செப்டம்பரில் தொடங்கும் மாவட்டங்களில் இது ஆகஸ்டில் இருக்கும், ஜூலையில் தொடங்கும் மாவட்டங்களில் வரவுசெலவுக் கூட்டம் ஜூனிலேயே வந்துவிடும். அங்கே பேசக் குடியுரிமை தேவையில்லை. முன்கூட்டியே பெயர் கொடுத்துவிட்டால் சில நிமிடம் தருவார்கள். நான் போனபோது அந்தப் பெரிய அறையில் பொதுமக்கள் வரிசையில் ஒன்பது பேர்தான் இருந்தோம். பல கோடி டாலர் வரவுசெலவு அது.

பாண்ட் வாக்கெடுப்பு மே அல்லது நவம்பரில் வரும். வாக்குச்சீட்டில் ஒவ்வொரு பாண்டுக்கும் கீழே, இது சொத்து வரி உயர்வு என்ற வாசகம் பெரிய எழுத்தில் இருக்கும். வரி விகிதம் ஏறாத நேரத்திலும் அப்படிப் போட வேண்டும் என்பது 2019-இல் வந்த சட்டம். அதை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், என்ன கட்டப்போகிறார்கள் என்ற பட்டியலை மாவட்டத் தளத்தில் படியுங்கள்.

குடியுரிமை இல்லாதவர்கள் டெக்சாஸில் பள்ளி வாரியத் தேர்தலிலும் வாக்களிக்க முடியாது. கிரீன் கார்டு இருந்தாலும் முடியாது. ஓட்டுநர் உரிமத்தின் முகவரியை மாற்றும்போது, வாக்காளராகப் பதிய விருப்பமா என்று ஒரு கேள்வி வரும். வரி கட்டுகிறோமே என்று அதில் ஆம் போட்டுவிடாதீர்கள். பின்னாளில் குடியேற்ற விண்ணப்பமே அதனால் நின்றுபோகும் அபாயம் உண்டு. இல்லை என்று குறித்துவிட்டு, முகவரி மாற்றத்துக்கான ரசீதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். புது அட்டை கைக்கு வந்த அன்றே அதைப் படமெடுத்து 50-114 படிவத்தோடு அனுப்பிவிடலாம்.